வந்தோரை எண்ணினோம், இருப்போரை எண்ணினோமா?

சென்ற மீலாது மாதத்தில் தியாகராய நகரில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்த கூட்டத்திற்குப் போயிருந்தேன். பேச வந்தவர் இளைஞர், பொறியியல் படித்தவர், நல்ல நாவன்மை வாய்த்தவர். அமெரிக்காவில் தோன்றிய மார்மன் திருச்சபை எவ்வாறு தேய்ந்து வருகிறது என்பதைக் கணக்கோடு அடுக்கினார். ஒரு காலத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து என வளர்ந்தவர்கள் இன்று ஒன்றரைக்கும் கீழே வந்துவிட்டார்கள், முழுக்குப் பெற்றவர்களில் பெரும்பகுதியினர் சில ஆண்டுகளிலேயே விலகிவிடுகிறார்கள், அசத்தியம் அழிந்தே தீரும் என்று அவர் முடித்தபோது மண்டபம் தக்பீர் முழக்கத்தால் அதிர்ந்தது.

நான் முழங்கவில்லை. என் கண்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தன. பல ஆண்டுகளுக்கு முன் இதே போன்றதொரு மேடையில் மாலை சூட்டி நிறுத்தப்பட்டவர் அவர். கலிமா மொழிந்த அன்று இருநூறு பேர் அவரைக் கட்டித் தழுவினார்கள். வீட்டிற்கும் மண்டபத்திற்கும் அதிகத் தொலைவில்லை. ஆயினும் அவர் வந்திருக்கவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க அங்கே எவருக்கும் தோன்றவில்லை. அவர் என்றொருவர் இருந்தாரென்பதே பலருக்கு நினைவில்லை.

பிறர் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று கைகொட்டிச் சிரிப்பவன், தன் வீட்டுக்குள் முழங்கால் அளவு நீர் நிற்பதைக் காணவில்லை என்றால் அவனை என்னவென்பது? அந்த இளைஞரை நான் குறைகூறவில்லை. அவர் படித்ததைச் சொன்னார். கேட்டு மகிழ்ந்தோமே, அந்த மகிழ்ச்சியைத்தான் குறைகூறுகிறேன்.

முதலில் அவருடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1830இல் ஜோசப் ஸ்மித் என்பவர் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய இயக்கம் அது. யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரம் அதன் தலைமையிடம். அவர்களுடைய நம்பிக்கை நமக்கு ஏற்புடையதன்று. அதை விளக்கி மறுப்பது என் நோக்கமுமன்று. வளர்ச்சி வீதம் குறைந்தது உண்மை. ஆனால் அழிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது உண்மையன்று. 2022ஆம் ஆண்டின் இறுதியில் அவர்களுடைய பதிவேட்டில் இருந்த தொகை ஒரு கோடியே எழுபது லட்சத்தைத் தாண்டிற்று. 2020இல், நோய்த்தொற்றுக் காலத்தில், ஓராண்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒன்றேகால் லட்சமாகச் சுருங்கினர். 2024இல் அதே தொகை மூன்று லட்சத்தைக் கடந்தது. பகைவனைப் பற்றிப் பேசினாலும் நீதியோடு பேசு என்பதல்லவா நமக்கு இடப்பட்ட கட்டளை? அவர்களோ பகைவர்களும் அல்லர். பாதிக் கணக்கைச் சொல்லிக் கைதட்டு வாங்குவது நம் மேடைக்கு அழகல்ல.

இந்தச் சென்னைக்கும் அவர்கள் புதியவர்கள் அல்லர் என்பது பலருக்குத் தெரியாது. 1853இலேயே ரிச்சர்டு பாலண்டைன் என்ற அவர்களுடைய ஊழியர் கடல்வழியாகச் சென்னை வந்து இறங்கினார். இங்கேயே ஓர் இதழும் அச்சிட்டார். ஓராண்டு பாடுபட்டார். கிடைத்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவர் கப்பலேறிய பின் அந்தச் சிலரும் தடமின்றிக் கரைந்து போனார்கள். மறுபடி அவர்கள் தென்னாட்டில் முறையாக ஓர் ஊழியத் தலைமையை அமைக்க 1993 ஆயிற்று, அதுவும் பெங்களூரில்தான். வித்து தூவியவன் நீர் ஊற்ற ஆளின்றிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1853ஆம் ஆண்டுச் சென்னை ஒரு சான்று.

ஆனால் அந்தத் திருச்சபையின் வரலாற்றில் நான் கற்றுக்கொள்ள விரும்புவது வேறொன்று. 2000ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு அரசு மக்கள் தொகை கணக்கெடுத்தது. அந்நாட்டில் தங்களுக்கு ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் உண்டு என்று திருச்சபையின் ஏடு கூறிற்று. அரசின் கணக்கில் தம்மை அச்சபையார் என்று சொல்லிக்கொண்டவர்களோ ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். 2002இல் சிலி நாட்டிலும் இதே கதை: ஏட்டில் ஐந்து லட்சத்துக்கு மேல், கணக்கெடுப்பில் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டிற்று. சிறு பிள்ளைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்த இடைவெளி அடைபடாது. காரணம் மறைவானதன்று. எண்ணிக்கையைக் காட்ட வேண்டும் என்ற வேகத்தில் ஆள் சேர்த்தார்கள். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் சிறுவர்களைப் பேஸ்பால் ஆட்டத்திற்கு அழைத்து, ஆட்டக்குழுவில் சேர்வதற்கும் முழுக்குப் பெறுவதற்கும் வேறுபாடு தெரியாத வயதில் முழுக்காட்டினார்கள். ஏடு நிறைந்தது, கோயில் காலியாக இருந்தது.

பிறகு என்ன செய்தார்கள்? இதைத்தான் அந்த இளைஞர் சொல்லவில்லை. தம் பிழையைத் தாமே பேசினார்கள். 1997இல் அவர்களுடைய தலைவராக இருந்த கார்டன் ஹிங்க்லி, புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் மூன்று வேண்டும் என்றார்: ஒரு நண்பன், செய்வதற்கு ஒரு பொறுப்பு, நெஞ்சுக்கு இறைவசனத்தின் ஊட்டம். சிலி நாட்டில் நிலைமை கெட்டபோது தங்கள் உயர்குழுவைச் சேர்ந்த பன்னிருவரில் ஒருவரான ஜெஃப்ரி ஹாலண்டு என்பவரையே 2002இல் அங்கே குடியேற்றி, இருப்பவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கச் செய்தார்கள். வீடுவீடாகச் சென்று நலம் விசாரிப்பது அவர்களிடையே ஒரு சடங்காகவன்றி வேலையாகவே நடக்கிறது. கறுப்பின ஆண்களுக்கு 1978 வரை குருத்துவம் மறுத்த சபை அது. பிலாலைக் கஅபாவின் மேல் ஏற்றிப் பாங்கு சொல்லவைத்த மார்க்கத்தார் நாம். பெருமைப்பட நமக்கு உரிமை உண்டு. ஆனால் பிலாலின் பெயரை மேடையில் சொல்கிறவர்களுக்கு, நம் முஹல்லாவில் பிலால் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

கடல் கடந்து போவானேன்? அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் போதும்.

பிரம்ம ஞான சபை 1882இன் இறுதியில் அடையாற்றங்கரைத் தோட்டத்தை வாங்கிக் குடியேறிற்று. எல்லாச் சமயத்தார்க்கும் அதனுள்ளே ஒவ்வொரு தொழுகையிடம் கட்டினார்கள். சின்னஞ்சிறிய பள்ளிவாசல் ஒன்றும் உண்டு. இளமையில் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, தொழுவாரின்றி ஒரு பள்ளி இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று வியந்தேன். 1928 வாக்கில் உலகெங்கும் நாற்பத்தையாயிரம் உறுப்பினர் அச்சபைக்கு இருந்தனர். படித்தவர்கள், பணக்காரர்கள், வழக்கறிஞர்கள். அடையாற்றுக் கடற்கரையில் 1909இல் கண்டெடுத்த ஒரு பிள்ளையை உலக குருவாக வளர்த்தார்கள். அந்தப் பிள்ளை ஜே. கிருஷ்ணமூர்த்தி; 1929 ஆகஸ்டு 3ஆம் நாள், ஹாலந்தில் ஓமன் என்னும் இடத்தில், நான் எவருக்கும் குரு அல்லன் என்று சொல்லித் தமக்காக நிறுவப்பட்ட சங்கத்தையே கலைத்துவிட்டார். அதன் பிறகு ஆயிரக்கணக்கானோர் உதிர்ந்தனர். ஒரு மனிதரை எதிர்பார்த்து வந்தவர்கள், அம்மனிதர் இல்லையென்றதும் போய்விட்டார்கள். அவர்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஆர்வமில்லை. வந்தவர்களுக்குப் போக வேறிடம் இருந்தது. நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.

போக வேறிடம் இல்லாதவர்களின் கதை இராயப்பேட்டையில் நடந்தது. அதை நம்மவர்கள் ஒருவரும் படிப்பதில்லை.

அயோத்திதாசப் பண்டிதர் 1845இல் சென்னையில் பிறந்தவர், சித்த மருத்துவர், தமிழ்ப் புலமை மிக்கவர். தாழ்த்தப்பட்டோர் என்று முத்திரை குத்தப்பட்ட தம் மக்கள் ஆதியில் பௌத்தர்கள் என்று நிறுவ முற்பட்டார். பிரம்ம ஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட் உதவியோடு 1898இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூனில் ஏழைகளும் வாங்கட்டும் என்று காலணா விலையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கினார். பின்னர் அது ‘தமிழன்’ ஆயிற்று. கோலார் தங்கவயல், பெங்களூர், ஹூப்ளி, கடலுக்கப்பால் இரங்கூன், தென்னாப்பிரிக்கா எனத் தமிழ்த் தொழிலாளர் போன இடமெல்லாம் கிளைகள் எழுந்தன. பிறப்புக்கும் மணத்துக்கும் இறப்புக்கும் சடங்குகளை அவரே வகுத்தார். பண்டிகைகளுக்குப் புதுப்பொருள் சொன்னார். இவ்வளவு செய்தவர் யார் உண்டு? படித்த பேராசிரியர் இலட்சுமி நரசு போன்றோர் துணைநின்றார்கள். பிற்காலத்தில் அண்ணல் அம்பேத்கரே நரசுவின் நூலை 1948இல் மறுபதிப்புச் செய்தார்.

1914 மே மாதத்தில் பண்டிதர் மறைந்தார். இதழ் தள்ளாடி நின்றது. பின்னர்க் கோலார் தங்கவயலிலிருந்து மறுபடி எழுந்து சில காலம் நடந்தது. சங்கங்கள் சில இடங்களில் குடும்பங்களாகச் சுருங்கின, சில இடங்களில் பெயர்ப்பலகையாயின. இன்று இராயப்பேட்டைத் தெருக்களில் நடந்துபோகிற பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்கேனும் தெரியுமா? ஏன் இப்படி ஆயிற்று? அவரவர் அவரவர் காரணம் சொல்வர். என் எளிய அறிவுக்குத் தோன்றுவது இது: வந்தவர்கள் அனைவரும் ஒரே குடிலிலிருந்து வந்தார்கள், ஏற்கெனவே அங்கே இருந்தவர் என்று எவரும் இல்லை. கைகொடுத்து உள்ளே இழுத்துப் பாயில் உட்காரவைக்க, பெண் கொடுக்க, பெண் எடுக்க, மய்யித்தைத் தூக்கத் தோள்கொடுக்க, நூற்றாண்டுகளாக வேரூன்றிய பௌத்தச் சமூகம் ஒன்று தமிழ்நாட்டில் இல்லை. அவர்கள் கட்டிய வீட்டைத் தாங்கத் தூண் வேறு எங்கும் இல்லை. அது அவர்களுடைய குற்றமன்று.

ஆனால் நமக்கு? ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இந்த மண்ணில் வேர்விட்ட சமூகம் இருக்கிறது. பள்ளிவாசல் இருக்கிறது, கபுருஸ்தான் இருக்கிறது, வக்ஃபு நிலம் இருக்கிறது, புதுக்கல்லூரி இருக்கிறது. பண்டிதருக்குக் கிட்டாதது அனைத்தும் நம்மிடம் உண்டு. ஆகவே நம்மிடம் வந்தவர் விலகினால் நமக்குச் சொல்ல ஒரு சாக்கும் இல்லை.

1981 பிப்ரவரி 19ஆம் நாள் திருநெல்வேலி மாவட்டம் மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ நூற்றெண்பது குடும்பங்கள் ஒரே நாளில் கலிமா மொழிந்தன. ஊருக்கு ரஹ்மத் நகர் என்று பெயரிட்டார்கள். டில்லி வரை அதிர்ந்தது. தலைவர்கள் படையெடுத்து வந்தார்கள். பெட்ரோ டாலர் என்றார்கள். ஆரிய சமாஜத்தார் திரும்ப அழைத்தார்கள். சிலர் திரும்பினர், பெரும்பாலோர் நிலைத்து நின்றனர். அந்த ஏழைகளின் உறுதி என்னே! நாம் அவர்களைப் பற்றி எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை சிறப்பு மலர் வெளியிட்டோம்! அந்த ஆண்டில் நான் மதரஸாவில் ஓதும் சிறுவன்; எங்கள் உஸ்தாத் கண்ணீர் மல்க துஆ கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அக்குடும்பங்களின் பிள்ளைகள் படித்து வேலைக்கு மனுப்போட்டபோது என்ன ஆயிற்று? 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இஸ்லாத்தைத் தழுவிய தாழ்த்தப்பட்டோர் பட்டியல் சாதிச் சலுகையை இழக்கிறார்கள். சரி, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கென்று 2007இல் தமிழக அரசு வழங்கிய மூன்றரை விழுக்காட்டிலாவது சேர்த்துக்கொண்டார்களா? லெப்பை, தக்னி, மாப்பிள்ளை, துதேகுலா எனப் பெயர் சொல்லப்பட்ட பிரிவினருக்குத்தான் அது. புதிதாக வந்தவர் லெப்பையும் அல்லர், தக்னியும் அல்லர். தேர்வாணையம் பலரைப் பொதுப்பிரிவில் வைத்தது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றமும், மதம் மாறியவர் பழைய சமூகத்தின் சலுகையைத் தொடர்ந்து கேட்க முடியாது என்றது. 2024 மார்ச்சில்தான், பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட வகுப்புகளிலிருந்து இஸ்லாத்திற்கு வந்தோரைப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கருத அரசு ஆணை பிறப்பித்தது. மீனாட்சிபுரத்திற்குப் பின் நாற்பத்து மூன்று ஆண்டுகள்! இந்த நாற்பத்து மூன்று ஆண்டுகளில் நம் மாநாட்டுத் தீர்மானங்களில் இதற்கு எத்தனையாவது இடம் இருந்தது என்று பழைய மலர்களை வைத்திருப்போர் புரட்டிப் பார்க்கட்டும்.

நமக்கு வேறொரு நோயும் உண்டு. பிரபலமானவர் ஒருவர் வந்தால் பேரானந்தம். 1987இல் அப்துல்லாஹ் அடியார் வந்தார். 2010இல் பேராசிரியர் பெரியார்தாசன் அப்துல்லாஹ்வாக வந்தார். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. எவ்வளவு மேடை, எவ்வளவு ஒலிநாடா! ஆனால் மயிலையில் மின்கம்பி மாட்டுகிறவர் வந்தால், மந்தைவெளியில் மீன் விற்கிற அம்மா வந்தால், ஒரு ஜும்ஆவோடு சரி. குறைஷித் தலைவர்கள் வந்து அமர்ந்திருந்தபோது இடையே வந்த பார்வையற்ற ஏழை இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களிடம் முகம் சுளித்ததற்காக அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கே அறிவுரை இறங்கிற்றே. அந்தச் சூராவை நம் பிள்ளைகள் ஜுஸ்உ அம்மவில் மனப்பாடம் செய்கிறார்கள். பொருள் தெரிந்துதான் ஓதுகிறோமா?

இனி அந்தச் சகோதரரைப் பற்றி. மின்வேலை செய்பவர், மயிலாப்பூர்க்காரர். மனைவி, இரண்டு மகள், ஒரு மகனோடு தீனுக்கு வந்தார். அரசிதழில் பெயர் மாற்ற நான்கு மாதம் அலைந்தார். கூடவே நடந்தவர் ஒருவரும் இல்லை. மூன்று ஆண்டுகள் ஒரு வக்துத் தொழுகை விடவில்லை. ஓதத் தெரியாத குறையைப் போக்க ஃபஜ்ருக்குப் பின் என்னிடம் அமர்ந்து அலிஃப், பே கற்றார். நாற்பது வயதில் நாவு திரும்பாமல் அவர் ‘ஐன்’ உச்சரிக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூத்த மகளுக்கு வயது வந்தது. பி.காம். படித்த பெண், பர்தா அணிந்து கல்லூரி போனவள். இரண்டாண்டு மாப்பிள்ளை தேடினார்கள். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: “பூர்வீகம் எந்த ஊர்? எந்த ஜமாஅத்?” விடை தெரிந்தவுடன் காப்பி குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள்.

ஒருநாள் பாடம் முடிந்ததும் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “ஹஜ்ரத், உங்க சொந்தத்துல யாராச்சும் பையன் இருந்தாப் பாருங்களேன்.”

என் அண்ணன் மகனுக்கு அப்போது வயது இருபத்தேழு. அந்த வாரந்தான் வாணியம்பாடியில் பெண் பார்க்கப் போகத் திட்டமிட்டிருந்தோம். இவையெல்லாம் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். “இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்” என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் பார்க்கவில்லை.

மறு ஆண்டு அந்தப் பெண்ணுக்குத் தாய்வழிச் சொந்தத்தில் தாலிகட்டித் திருமணம் நடந்தது. அவர் ஜும்ஆவுக்கு வருவது குறைந்து, நின்றது. ஒருநாள் லஸ் முனையில் எதிர்ப்பட்டார். “ஹஜ்ரத், சுகமா இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுச் சாலையைக் கடந்து போனார். என்னை ஒரு வார்த்தை குறைசொல்லியிருந்தால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

இந்த இடத்தில் என்னைப் போன்ற ஓதியவர்கள் கிதாபைத் திறந்துவிடுவார்கள். ‘கஃபாஅத்’, ‘குஃபு’, இணைப்பொருத்தம் என்று ஒரு பாடம் ஃபிக்ஹில் உண்டு. தகப்பனும் பாட்டனும் முஸ்லிமாக இருந்தவனுக்கு, தானே புதிதாக வந்தவன் நிகராக மாட்டான் என்று ‘ஹிதாயா’ போன்ற ஹனஃபி நூல்கள் சொல்லத்தான் செய்கின்றன. நான் மறைக்கவில்லை. ஆனால் முழுப்பாடத்தையும் ஓதுவோம். இது பெண்ணின் வலிக்கு ஆட்சேபிக்க உள்ள உரிமை பற்றிய சட்டமே. அவரும் பெண்ணும் மனமொப்பினால் நிக்காஹ் செல்லும் என்பதில் ஐயமில்லை. அதுவும் மணமகனின் தகுதி பற்றியது. புதிதாக வந்தவரின் மகளை நம் வீட்டுப் பிள்ளைக்கு எடுக்க அது எங்கே தடுக்கிறது? இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மார்க்கப் பற்று ஒன்றையே முதன்மையாகக் கொண்டார்கள். சுஃப்யான் தவ்ரீயும், ஹனஃபிகளிலேயே பேரறிஞரான கர்கீயும் குலப்பொருத்தத்தை ஏற்கவில்லை. இத்தனைக்கும் மேலாக, வம்சம் இன்னதென்று தெரியாத குள்ளமான ஜுலைபீப் (ரலி) அவர்களுக்காக அண்ணலாரே ஓர் அன்ஸாரி வீட்டில் பெண் கேட்டார்கள். பெற்றோர் தயங்கினர். உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த பெண், ரசூலுல்லாஹ்வின் சொல்லையா மறுப்பீர்கள் என்று தானே இசைந்தாள். எனக்குப் பத்து வயதில் மனனமான வரலாறு இது. வாணியம்பாடிக்குப் புறப்பட்ட அன்று நினைவுக்கு வரவில்லை.

ஹிதாயத் கொடுப்பவன் அல்லாஹ். நிலைப்பதும் விலகுவதும் அவனவன் நஸீபு. நாம் என்ன செய்ய முடியும் என்பார் சிலர். மதீனாவில் அண்ணலார் இந்தப் பதிலோடு இருந்துவிடவில்லையே! மக்காவிலிருந்து வந்த ஒவ்வொரு முஹாஜிரையும் ஓர் அன்ஸாரியின் கையில் பிடித்துக் கொடுத்தார்கள். பாரசீகத்து ஸல்மானுக்கு அபுத்தர்தா கிடைத்தார். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃபுக்கு ஸஅது பின் ரபீஉ கிடைத்தார். தம் செல்வத்தில் பாதியை எடுத்துக்கொள் என்றார் ஸஅது. கடைத்தெருவுக்கு வழி காட்டினால் போதும் என்றார் அவர். ஹிங்க்லி சொன்ன அந்த நண்பனும் பொறுப்பும் நமக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்பே வழங்கப்பட்டவை. சால்ட் லேக் நகரத்திலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையை நாம்தான் உண்டாக்கிக்கொண்டோம்.

இன்னும் சிலர், சலுகைக்காக வந்தவர்கள், பணத்துக்காக வந்தவர்கள், போகட்டும் என்பார்கள். பட்டியல் சாதிச் சலுகையை இழந்து வருகிறவரைச் சலுகைக்காக வந்தவர் என்று சொல்ல நாக்கு கூசாதா? அப்படியே நெஞ்சம் உறுதிப்படாமல் ஒருவர் வந்தாலும், ஜகாத்தின் எட்டுத் தலைப்புகளில் ஒன்று யாருக்காக? உள்ளங்கள் இணக்கப்பட வேண்டியோருக்காக. உமர் (ரலி) அவர்கள் சில தலைவர்களுக்கு அதை நிறுத்தியதைக் காட்டி ஹனஃபிகள் அப்பங்கு முடிந்தது என்பர். ஷாஃபிஈ நூல்களிலோ புதிதாக வந்து உறுதிப்படாத முஸ்லிமுக்கு அப்பங்கு இன்றும் உண்டு. நம் கடற்கரை ஊர்களெல்லாம் ஷாஃபிஈ ஊர்கள்தாமே? ரமலானில் ஜகாத் புடவை கட்டுக்கட்டாக வருகிறது. இந்தத் தலைப்பில் ஒரு ரூபாய் எழுதிய கணக்குப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு முஹல்லாவின் தப்தரிலும் நிக்காஹுக்கு ஓர் ஏடு உண்டு. மய்யித்துக்கு ஓர் ஏடு உண்டு. சந்தா பாக்கிக்கு மிகத் தெளிவான ஏடு உண்டு. கலிமா மொழிந்து வந்தவருக்கு நான்காவதாக ஓர் ஏடு வைக்கட்டும். வந்த நாளை மட்டும் அன்று. ஓராண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து அவர் எங்கே என்பதையும் எழுதட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பத்தைப் பொறுப்பாக்கட்டும். பெருநாளுக்கு அழைக்க, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, 2024 ஆணைப்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கக் கூட நடக்க. ஜமாஅத்தில் சந்தாதாரர் அல்லர் என்று சொல்லி இப்படிப்பட்டவரின் மய்யித்தைத் தாமதப்படுத்துவதை இனிமேலாவது நிறுத்தட்டும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் கட்டளையிட்டு வருவதன்று. அதை முதலில் செய்ய வேண்டியவர்கள் மிம்பரில் ஏறுகிறவர்கள்.

தியாகராய நகர்க் கூட்டத்திலிருந்து திரும்பிய இரவு, என் பழைய குறிப்பேட்டை எடுத்தேன். இந்த முப்பது ஆண்டுகளில் என் முன்னிலையில் கலிமா மொழிந்தவர்களின் பெயரும் தேதியும் அதில் உண்டு; பழைய பெயர், புதுப்பெயர், சாட்சிகள். மொத்தம் பதினொரு பேர். அடுத்த ஒரு மாதம் அலைந்து நான்கு பேரைக் கண்டேன். அவர்களில் இருவர் நலமாக, தீனோடு இருக்கிறார்கள். ஒருவர் அடையாற்றில் கடை வைத்திருக்கிறார், பேரனுக்கு ஓதிக்கொடுக்க ஆள் கேட்டார். ஒருவர் மவுத்தாகி, பழைய உறவினர் எரித்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். நான்காமவர்தான் நான் மேலே எழுதியவர். கதவைத் திறந்து, உள்ளே அழைத்து, தேநீர் கொடுத்தார். இரண்டாவது மகள் படித்துக்கொண்டிருக்கிறாள்.

மற்ற ஏழு பேருக்கும் புதுப்பெயர் மட்டுமே எழுதி வைத்திருக்கிறேன். ஐவருக்கு அப்துல்லாஹ் என்று பெயர். முகவரி எழுதவில்லை.